ஏ.பி. குண்டுன்னா எந்த ஏ.பி.? கேனிஸ்டர், ஷ்ரப்னெல், பீஹைவ் இதையெல்லாம் தமிழ்ல எப்படிச் சொல்றது

தேக்கா_மொழி
வணக்கம் எல்லாருக்கும், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுமையா படிங்க. நான் வீட்ல இருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். போன மாசம் 1942ல சிங்கப்பூர்ல நடந்த போர் பத்தின ஒரு கண்காட்சிக்குத் தமிழ் வாசகங்களைச் சரிபார்க்கச் சொல்லி வேலை வந்துச்சு, வேற யாரோ ஏற்கனவே மொழிபெயர்த்து வச்சிருந்தாங்க. அதுல சாங்கியில இருந்த 15 அங்குலப் பீரங்கிகளைப் பத்தி ஒரு வரி. "இப்பீரங்கிகளிடம் பெரும்பாலும் ஆள் எதிர்ப்புக் குண்டுகளே இருந்தன, ஆகவே தரைவழி வந்த ஜப்பானியப் படையை அவற்றால் தடுக்க இயலவில்லை."

படிச்சிட்டு அப்படியே நின்னுட்டேன். ஆளுக்கு எதிரான குண்டு இருந்திருந்தா ஆளைத் தடுத்திருக்கணுமே? மூலத்தை எடுத்துப் பார்த்தா வெறும் "ஏ.பி. ஷெல்"னு இருக்கு. ஆர்மர் பியர்சிங், அதாவது போர்க்கப்பலோட இரும்புத் தகட்டைத் துளைக்கிறது. அதே ரெண்டு எழுத்தை ஆன்டி பர்சனல்னு எடுத்துக்கிட்டு நேர் தலைகீழா எழுதிட்டாங்க. நான் பார்க்காம விட்டிருந்தா பள்ளிப் பிள்ளைங்க அதைப் படிச்சிட்டுப் போயிருக்கும், அதை நினைச்சா ராத்திரி தூக்கம் வரல.

அதோட விடல, பின்னாடி ஒரு சொற்பட்டியல் இருக்கு. கேனிஸ்டர், கேஸ் ஷாட், கிரேப் ஷாட், ஷ்ரப்னெல், ஃபிளெஷெட் எல்லாத்துக்கும் "சிதறுகுண்டு"ன்னு ஒரே சொல். ஒரே சொல்லுன்னா பட்டியல் எதுக்கு? பீரங்கிப் படையில என்எஸ் (தேசிய சேவை) செஞ்சவங்க யாராவது இருந்தா இது ஒவ்வொண்ணும் என்னன்னு சொல்லுங்க. எனக்கு ஆங்கிலச் சொல் தெரியும், பொருள் தெரியல.

பழைய_கன்னர்
சிஸ், நான் பீரங்கிப் படைதான், ரிசர்விஸ்ட் எல்லாம் முடிச்சு பல வருஷம் ஆச்சு. கேம்ப்ல சொல்லிக் கொடுத்தது எதையும் இங்க எழுத மாட்டேன், அருங்காட்சியகத்துலயும் புத்தகத்துலயும் எல்லாருக்கும் தெரிஞ்சதை மட்டும் சொல்றேன்.

முதல்ல அந்த சாங்கி விஷயம். நீங்க பிடிச்சது ரொம்ப முக்கியமான தப்பு. ஊர்ல பாதி பேரு இன்னும் "பீரங்கி கடல் பக்கம் பார்த்து நின்னுச்சு, திருப்பவே முடியல"ன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க. சாங்கியில இருந்த அந்தப் பீரங்கி நிலையம், ஜொகூர் பேட்டரியில 3 பீரங்கி, அதுல ரெண்டு முழுசா சுத்தித் திரும்பும், 1942 பிப்ரவரியில வடக்கே திருப்பிச் சுட்டும் இருக்காங்க. பிரச்சினை குண்டுலதான். கப்பலுக்காகச் செஞ்ச கவசம் துளைக்கிற குண்டு, கிட்டத்தட்ட 880 கிலோ எடை, முனை கெட்டி, சுவர் தடிப்பு, உள்ள வெடிமருந்து கம்மி. இரும்புத் தகட்டைத் துளைச்சு உள்ள போய் வெடிக்கணும்னு செஞ்சது, நம்ம ஊரு ஈர மண்ணுல விழுந்தா என்ன ஆகும், ஆழமா இறங்கிட்டு அங்கதான் வெடிக்கும், சிதற வேண்டியதுல பாதி மண்ணுக்குள்ளயே அடங்கிடும். மேல நிக்கிற ஆளுக்கு ஆபத்து ரொம்பக் குறைவு. ஆளுக்கு எதிரா வேணும்னா மேல்மட்டத்துல வெடிச்சுச் சிதறுற எச்.இ., அதாவது ஹை எக்ஸ்புளோசிவ் குண்டு வேணும், அது அவங்ககிட்ட போதுமான அளவு இல்ல. ஆக அந்த ஏ.பி. இந்த ஏ.பி.க்கு நேர் எதிர். இதனாலதான் அமெரிக்கப் படைக்காரன் ஆள் எதிர்ப்புக் குண்டுக்கு ஏ.பி.ன்னு போடாம "ஏபெர்ஸ்"னு தனியா சுருக்கம் வச்சிருக்கான். கண்ணிவெடின்னு வந்தா மட்டும் ஏ.பி. மைன்னே சொல்றாங்க, குழப்பம் அங்க திரும்ப உள்ள வந்துடுது.

மத்ததை ராத்திரி எழுதுறேன், இப்ப வேலை.

ஆசிரியர்_ஜூரோங்
நல்ல கேள்வி. என் கருத்து, "ஆர்மர் பியர்சிங்"குக்கு "கவசந்துளை" என்று வைத்துவிட்டால் முதல் குழப்பம் தீரும். அடுத்தது "ஆன்டி பர்சனல்". "ஆள் எதிர்ப்பு" என்பது சொல்லுக்குச் சொல் மாற்றியது, தமிழில் ஆளை எதிர்ப்பது என்றால் எதிர்த்துப் பேசுவது போலத்தான் காதில் விழுகிறது. "ஆட்கொல்லி" என்று ஏற்கனவே நமக்கு ஒரு சொல் உண்டு. ஆட்கொல்லிப் புலி, ஆட்கொல்லி நோய் என்கிறோம். நேராகச் சொல்கிறது, மழுப்பவில்லை.

அங்மோகியோ_குமார்
சார் ஆட்கொல்லின்னா எல்லாக் குண்டும் ஆட்கொல்லிதானே, கவசந்துளைக்கிறது டாங்கிக்குள்ள போனா உள்ள இருக்கிற 4 பேரையும் கொல்லுது. ஆன்டி பர்சனல்னா அவங்க சொல்ல வர்றது இலக்கு எதுன்னு, வண்டியா கட்டடமா வெளியில திறந்தவெளியில நிக்கிற காலாட்படையான்னு. எனக்கு "காலாட்படைக்கு எதிரான"ன்னு நீளமாச் சொன்னாலும் பரவாயில்ல.

நான் டாங்கி பத்தி நிறைய படிப்பேன் அதனால டாங்கி பக்கம் சொல்றேன். டாங்கிக்கும் கேனிஸ்டர் உண்டு. ரெண்டாம் உலகப்போர்ல பசிபிக் தீவுகள்ல அமெரிக்கன் சின்ன டாங்கி ஸ்டூவர்ட்ல 37 மில்லிமீட்டர் துப்பாக்கிக்கு எம்2 கேனிஸ்டர்னு ஒண்ணு, உள்ள 122 எஃகு உருண்டை, காட்டுக்குள்ள கிட்டத்துல வர்ற ஆளுங்களைத் தடுக்க. இப்ப அமெரிக்க ஏப்ரம்ஸ் டாங்கியில 120 மில்லிமீட்டர்ல எம்1028, அதுல சுமார் 1,100 டங்ஸ்டன் உருண்டை. நெப்போலியன் காலத்துச் சரக்கு, அதே தத்துவம், உலோகம் மட்டும் மாறியிருக்கு. பேரும் மாறல.

பழைய_கன்னர்
வந்துட்டேன். சிஸ், இப்ப பொறுமையா எழுதுறேன். பேரை விடுங்க, ஒரே ஒரு கேள்வி கேளுங்க. எங்க திறக்குது?

கேனிஸ்டர், பிரிட்டிஷ்காரன் பழைய பேரு கேஸ் ஷாட், ரெண்டும் ஒண்ணுதான். மெல்லிசான தகர டப்பா, உள்ள உருண்டைகள், வெடிமருந்தும் கிடையாது ஃபியூஸும் கிடையாது. பீரங்கி வாயை விட்டு வெளிய வந்ததும் டப்பா கிழிஞ்சுடும், உருண்டைகள் கூம்பு மாதிரி விரிஞ்சு போகும். பெரிய ஷாட்கன்னு நினைச்சுக்குங்க. அதனால கிட்டத்துல மட்டும்தான், சில நூறு மீட்டர்.

கிரேப் ஷாட் அதுக்கு அண்ணன். உருண்டை பெருசு, எண்ணிக்கை கம்மி, நடுவுல ஒரு கம்பு, சுத்தி உருண்டைகளை அடுக்கி கேன்வாஸ் பையில போட்டுக் கயித்தால இறுக்கிக் கட்டியிருப்பாங்க, பார்த்தா திராட்சைக் கொத்து மாதிரியே இருக்கும். பெரும்பாலும் கப்பல்ல, எதிரிக் கப்பலோட பாய்மரக் கயிறு அறுக்கவும் தளத்துல நிக்கிற ஆளுங்களை அடிக்கவும். தரைப்படை கேனிஸ்டருக்கு மாறின பிறகும் பேச்சுல "கிரேப்"னே நின்னுடுச்சு, அதனால பழைய புத்தகத்துல கிரேப்னு வந்தா பாதி இடத்துல அது கேனிஸ்டர்தான். நீங்க மொழிபெயர்க்கிறப்ப இடம் பார்த்துப் பண்ணணும்.

ஷ்ரப்னெல் தனி ஜாதி. ஹென்றி ஷ்ரப்னெல்னு பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி, 1761ல பிறந்தவரு, அவரு யோசனை என்னன்னா இந்த டப்பாவைப் பீரங்கி வாயில திறக்காம தூரத்துல எதிரி தலைக்கு முன்னாடி வானத்துல திறந்தா எப்படி? உள்ளீடற்ற இரும்பு உருண்டை, உள்ள சின்னக் குண்டுகள், கொஞ்சூண்டு வெடிமருந்து, நேரம் வச்ச திரி. 1803ல பிரிட்டிஷ் படை ஏத்துக்கிச்சு, அடுத்த வருஷம் சுரினாம்ல டச்சுக்காரங்க மேல முதல்ல பயன்படுத்துனாங்க. அப்ப அதுக்கு அதிகாரப்பூர்வ பேரு "ஸ்பெரிக்கல் கேஸ்", அதாவது உருண்டை வடிவ கேஸ் ஷாட். 1852லதான் அவரு பேரையே வச்சாங்க, அவரு செத்தே 10 வருஷம் ஆன பிறகு.

முதல் உலகப்போர்ல பிரிட்டிஷ் 18 பவுண்டர் பீரங்கியோட ஷ்ரப்னெல் ஷெல்லுக்குள்ள 370க்கு மேல ஈய உருண்டை இருக்கும். ஷெல் உடம்பு உடையாது, அது குழல் மாதிரி அப்படியே நிக்கும், அடியில இருக்கிற மருந்து உருண்டைகளை முன்பக்கமாத் தள்ளிவிடும். வானத்துல பறந்துக்கிட்டே சுடுற ஷாட்கன். இது திறந்தவெளி ஆளுக்குத்தான், பதுங்குகுழிக்குள்ள உட்கார்ந்துட்டா ஒண்ணும் செய்யாது, அதனால எச்.இ. ஷெல் அந்த இடத்தைப் பிடிச்சுது. எச்.இ.ன்னா உருண்டையே கிடையாது, ஷெல்லோட இரும்புச் சுவரே வெடிச்சுத் துண்டு துண்டாகிப் பறக்குது.

இப்ப வேதனை என்னன்னா, ரெண்டாம் உலகப்போர் வரும்போது நிஜ ஷ்ரப்னெல் ஷெல் கிட்டத்தட்ட வழக்கொழிஞ்சு போச்சு, ஆனா அந்தப் பேரு மட்டும் துண்டு மேல ஒட்டிக்கிச்சு. செய்தியில "ஷ்ரப்னெல் காயம்"னு வர்றது எல்லாமே ஷெல் உடைஞ்ச துண்டு. பிரிட்டிஷ் கன்னர் அதை ஸ்பிளின்டர்னு சொல்லுவான், அமெரிக்கன் ஃபிராக்மென்ட்னு சொல்லுவான், ரெண்டு பேரும் ஷ்ரப்னெல்னு சொல்ல மாட்டான்.

அதனால சுருக்கமா, கேனிஸ்டர் வாயில திறக்குது, ஷ்ரப்னெல் வானத்துல திறக்குது, எச்.இ. தானே உடையுது. "சிதறுகுண்டு"ன்னு மூணுக்கும் போட்டா மூணும் போச்சு.

தேக்கா_மொழி
அண்ணே கைகூப்பிக் கும்பிடுறேன். ரெண்டு வாரமா ஆங்கிலப் பக்கம் படிச்சும் எனக்கு விளங்காதது "எங்க திறக்குது"ன்னு ஒரே கேள்வியில விளங்கிடுச்சு.

அப்ப கேனிஸ்டர் "தகரக் குடுவைக் குண்டு"ன்னு போடலாமா? கிரேப்புக்கு "திராட்சைக்கொத்துக் குண்டு"? கொத்துக்குண்டுன்னு ஏற்கனவே கிளஸ்டர் பாமுக்கு வச்சுட்டாங்க, அதோட இடிக்குமோன்னு பயமா இருக்கு.

ஈசூன்_ஐயா
கிளஸ்டர் வேற, அதுல ஒவ்வொரு சின்னக் குண்டும் தனித்தனியா வெடிக்கும், இதுல உருண்டை வெறும் உருண்டை. கொத்துன்னு போட்டீங்கன்னா படிக்கிறவங்க கண்டிப்பா அதோட சேர்த்துடுவாங்க. "திராட்சைக் குண்டு"ன்னு மட்டும் விடுங்க.

நான் ஆரம்பகால என்எஸ் ஆளு. 1969 தேசிய தின அணிவகுப்புல ஏஎம்எக்ஸ்-13 டாங்கி வரிசையா வந்தப்ப பாடாங் திடல்ல கூட்டத்துல நின்னு பார்த்தவன். அப்ப எங்க வீட்ல அதுக்கு என்ன பேரு சொன்னோம் தெரியுமா, என் அம்மா "இரும்பு வண்டி"ன்னாங்க, மலாய்க்கார நண்பன் "கெரேத்தா கெபால்"ன்னான், கெபால்னா எதுவும் துளைக்க முடியாததுன்னு அர்த்தம், மந்திரிச்ச உடம்புக்குச் சொல்ற சொல்லு. கவச வண்டிக்கு அதைவிட நல்ல பேரு நான் கேட்டதில்ல. அணிவகுப்புக் கட்டளை மலாய்ல, பாடம் இங்கிலீஷ்ல, வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட தமிழ்ல சொல்லணும். சொல்ல வார்த்தை இல்லாம "குண்டு"ன்னு ஒரே வார்த்தையில எல்லாத்தையும் முடிச்சது எங்க தலைமுறைதான், அது எனக்கு இன்னும் உறுத்துது.

ஆசிரியர்_ஜூரோங்
ஐயா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். "குண்டு" என்றால் முதலில் உருண்டை. குண்டு மல்லி, குண்டூசி, குண்டு பல்பு. பழைய பீரங்கியின் இரும்பு உருண்டைக்கு அது மிகச் சரியான பெயர். பிறகு ஷெல் நீளமாகிக் கூர்மையான பிறகும் குண்டே என்றோம், விமானம் போடுவதையும் குண்டு என்றோம், துப்பாக்கியில் வருவதும் குண்டு. பீரங்கி என்ற சொல்லே பரங்கி என்பதோடு உறவுள்ளது, பரங்கிப்பேட்டை பரங்கிக்காய் எல்லாம் அதே குடும்பம். மலாயில் "பெலுரு" என்பது போர்த்துக்கீசியச் சொல். எல்லோரும் பொருளோடு பெயரையும் வாங்கினோம். வாங்கிய பிறகு பிரித்து வைக்கத்தான் தவறினோம்.

அங்மோகியோ_குமார்
என் கூட வேலை பார்க்கிற சீன நண்பர்கிட்ட நேத்து கேட்டேன், அவங்க மொழியில ஷ்ரப்னெல் ஷெல்லுக்கு "லியு ஷியன் தான்"னாரு, லியு மாதுளை, ஷியன் பனிமழை மாதிரி சின்னச் சின்ன உருண்டையா விழுமே அது, தான் குண்டு. மாதுளைப் பனிமழைக் குண்டு! இங்கிலீஷ்ல கிரெனேடுங்கிற பேரும் பிரெஞ்சு மாதுளையில இருந்து வந்ததுதான். ஒருத்தன் திராட்சைங்கிறான் ஒருத்தன் மாதுளைங்கிறான், எல்லாரும் தெரிஞ்ச பழத்தைத்தான் பார்த்திருக்காங்க, உள்ள நெறைய முத்து இருக்கிற பழம். நாமும் பார்த்ததை வச்சே பேரு வைக்கலாம்னு தோணுது.

வடமராட்சி_அக்கா
வணக்கம். நான் இலங்கையில இருந்து இஞ்ச கலியாணம் கட்டி வந்து இருபது வருசத்துக்கு மேல. இந்த இழையை ரெண்டு நாளா வாசிச்சுக்கொண்டு இருந்தனான், எழுதலாமோ எண்டு யோசிச்சன், இப்ப எழுதுறன்.

உங்களுக்குக் குண்டு எண்டு ஒரே சொல்லு. எங்களுக்கு அப்பிடி இல்ல. பிளேன் போடுறது குண்டு. தூரத்தில இருந்து வாறது செல். துவக்கில இருந்து வாறது சன்னம். காலால மிதிச்சா வெடிக்கிறது மிதிவெடி. சின்னப் பிள்ளைக்கும் இந்த வித்தியாசம் தெரியும், ஏனெண்டா ஒவ்வொண்டுக்கும் நாங்கள் செய்யிற வேலை வேற. பிளேன் சத்தம் கேட்டா பங்கருக்குள்ள ஓடுறது, செல் கூவிக்கொண்டு வந்தா நிண்ட இடத்தில நிலத்தில படுக்கிறது, சன்னம் எண்டா சுவருக்குப் பின்னால. பிழையான சொல்லைச் சொன்னா பிழையான இடத்துக்கு ஓடிப் போவம். அதால சொல்லு பிரிஞ்சது.

மிதிவெடி எண்டதைப் பாருங்கோ. அதுக்குத்தான் உங்கட ஆன்டி பர்சனல் மைன். அதில ஆளும் இல்ல எதிர்ப்பும் இல்ல, மிதிக்கிறதும் வெடிக்கிறதும் மட்டும் இருக்கு. அந்தப் பேரே பிள்ளையளுக்கு எச்சரிக்கை.

ஷ்ரப்னெல் எண்டு ஒருத்தரும் சொன்னதில்ல. "செல் துண்டு பட்டிட்டுது" இல்லாட்டி "பீஸ் பட்டது" எண்டுதான் சொல்லுறது. என்ர அம்மாவின்ர தோளில ஒரு பீஸ் கடைசி வரைக்கும் இருந்தது, எடுக்க ஏலாது எண்டு டாக்டர் விட்டிட்டார். கன்னர் தம்பி சொன்ன மாதிரி அது உருண்டை இல்ல, கிழிஞ்ச இரும்பு. எங்கட சனம் சொன்ன சொல்லு சரியான சொல்லு எண்டு இண்டைக்குத்தான் விளங்குது.

பழைய_கன்னர்
அக்கா, இவ்வளவு நாள் கழிச்சு இதை எழுதினதுக்கு நன்றி. நாங்க ஷெல் போற பக்கத்துல நின்னு கத்துக்கிட்டோம், நீங்க வர்ற பக்கத்துல இருந்து பேரு வச்சிருக்கீங்க. உங்க பேருதான் சரியா இருக்கு.

தேக்கா_மொழி
அக்கா, என்ன சொல்றதுன்னு தெரியல. அம்மாவைப் பத்தி எழுதினதுக்கு ரொம்ப நன்றி. "துண்டு"ங்கிறதை நான் அப்படியே எடுத்துக்கிறேன், அனுமதி இருந்தா.

ஒரு சந்தேகம், எறிகணைன்னு எழுதுறாங்களே இலங்கைச் செய்திகள்ல, அது செல்லுதானா?

வடமராட்சி_அக்கா
ஓம் தங்கச்சி, பேப்பரிலயும் ரேடியோவிலயும் எறிகணை, வாயில செல். ரெண்டும் ஒண்டுதான். தாராளமா எடுங்கோ. இன்னொண்டு, மோட்டார் எண்டு நாங்கள் சொல்லுறது சின்னக் குழாயில மேல நோக்கி அடிக்கிறது, கார் மோட்டார் இல்ல. சிங்கப்பூர் பிள்ளையள் மோட்டார் குண்டு எண்டு வாசிச்சா மோட்டார் சைக்கிள்ல வச்ச குண்டு எண்டுதான் நினைப்பினம், அதைக் கவனியுங்கோ.

ஆசிரியர்_ஜூரோங்
எறிகணை! இதை நான் எப்படி மறந்தேன். கணை என்றாலே அம்பு. ஏவுகணை, எறிகணை இரண்டிலும் நம் பழைய அம்பு இருக்கிறது. தேக்கா_மொழி, உங்கள் பட்டியலில் ஃபிளெஷெட் என்று ஒன்று இருந்ததே, அது என்ன?

அங்மோகியோ_குமார்
நான் சொல்றேன் சார். ஃபிளெஷெட்னா பிரெஞ்சுல சின்ன அம்புன்னே அர்த்தம். ஆணி மாதிரி எஃகு, பின்னாடி சின்ன இறக்கை. முதல் உலகப்போர்ல விமானத்துல இருந்து கையால கொட்டினாங்க. அப்புறம் வியட்நாம் போர்ல அமெரிக்கன் 105 மில்லிமீட்டர் பீரங்கிக்கு எம்546னு ஒரு ஷெல், உள்ள 8,000 ஃபிளெஷெட், 1966ல முதல்ல சண்டையில பயன்படுத்துனாங்க. டாங்கிக்கும் அதே வகை வந்துச்சு. அதிகாரப்பூர்வ பேரு ஏபெர்ஸ், ஆனா சிப்பாய்ங்க வச்ச பேரு பீஹைவ், தேனீக்கூடு. ஆவணத்துல இருக்கிற பேரு ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்ல, தேனீக்கூடுன்னா எல்லாருக்கும் தெரியும்.

ஆசிரியர்_ஜூரோங்
அப்படியென்றால் ஃபிளெஷெட் "சிறுகணை". புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, எறிகணைக்குள் அடுக்கிய சிறுகணை. குண்டு என்ற சொல்லை இங்கே கொண்டு வரவே கூடாது, அதில் உருண்டையே இல்லை. "ஆட்கொல்லி"யை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், குமார் சொன்னதும் அக்கா சொன்னதும் நியாயம்.

ஈசூன்_ஐயா
பீஹைவ் தேனீக்கூடுன்னே போடுங்க, அது பட்டப்பேரு. பட்டப்பேரைப் பட்டப்பேருன்னு சொல்லி மேற்கோள்குறிக்குள்ள வைக்கணும். பட்டப்பேரையும் பதிவேட்டுப் பேரையும் கலந்து எழுதுறதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

பழைய_கன்னர்
டாங்கிப் பக்கமும் அதே கதைதான். ஒரே வகைக் குண்டுக்கு பிரிட்டிஷ்காரன் ஹெஷ் (ஹை எக்ஸ்புளோசிவ் ஸ்குவாஷ் ஹெட்)னான், அமெரிக்கன் ஹெப் (ஹை எக்ஸ்புளோசிவ் பிளாஸ்டிக்)னான், ரெண்டு ஆவணத்தையும் பக்கத்துல வச்சுப் படிச்சா ரெண்டு வேற பொருள்னு தோணும். அதனால சிஸ், சுருக்கெழுத்து வந்தா எந்த நாட்டு ஆவணம், எந்த வருஷம்னு பார்க்காம தமிழ்ல எழுதவே எழுதாதீங்க. சுருக்கத்தைத் தமிழ் எழுத்துல அப்படியே விடுறதும் வேண்டாம், விரிச்சு எழுதுங்க. உங்க வேலையில வந்த தப்புக்கு வேரே அதுதான்.

தேக்கா_மொழி
சரி, ராத்திரி உட்கார்ந்து மாத்தி எழுதிட்டேன். கேனிஸ்டருக்கும் கேஸ் ஷாட்டுக்கும் சேர்த்து "தகரக் குடுவைக் குண்டு", பக்கத்துல ஒரு வரி, பீரங்கி வாயிலேயே திறப்பதுன்னு. கிரேப் "திராட்சைக் குண்டு". ஷ்ரப்னெல் ஷெல் "ஷ்ரப்னெல் எறிகணை", ஆளோட பேரு அதனால மாத்தல, வானத்தில் திறப்பதுன்னு சேர்த்தேன். ஃபிளெஷெட் "சிறுகணை". சாங்கி வரி இப்ப இப்படி இருக்கு:

"சாங்கியின் 15 அங்குலப் பீரங்கிகளுக்கு வழங்கப்பட்டிருந்தவை பெரும்பாலும் போர்க்கப்பலின் கவசத்தைத் துளைக்கும் எறிகணைகள். அவை மண்ணுக்குள் புதைந்து வெடித்ததால், தரைவழி வந்த காலாட்படையைத் தடுக்க அவை அதிகம் உதவவில்லை."

இன்னொரு பலகை பாக்கி, ஒரு பழைய சுவர்ல குழி குழியா இருக்கிற படம். மூலத்துல "ஷ்ரப்னெல் மார்க்ஸ்"னு இருக்கு. முதல்ல செஞ்சவங்க "சிதறுகுண்டுத் தழும்புகள்"னு போட்டிருக்காங்க.

பழைய_கன்னர்
சாங்கி வரியில "புதைந்து வெடித்ததால்" இருக்கிற இடத்துல "ஆழப் புதைந்த பின்னரே வெடித்ததால்"னு போடுங்க, எல்லாம் அந்த "பின்னரே"லதான் இருக்கு. சுவரைப் பத்தி அக்கா சொல்லட்டும்.

வடமராட்சி_அக்கா
தழும்பு எண்டது நல்லா இருக்கு தங்கச்சி, அதை விடுங்கோ. முன்னால இருக்கிறதை மட்டும் மாத்துங்கோ. "செல் துண்டுகள் பட்ட தழும்புகள்." சிங்கப்பூர் ஆக்களுக்குச் செல் எண்டா கைப்பேசி எண்டு விளங்கினா, "எறிகணைத் துண்டுகள் பட்ட தழும்புகள்."

தேக்கா_மொழி
ரெண்டாவதைப் போட்டுட்டேன் அக்கா, "பின்னரே"யும் சேர்த்தாச்சு அண்ணே. காலையில அனுப்புறேன்.